நிலம் ஆடியதற்குச் சாட்சி

"போட்டிருக்கா தம்பி?"

நான் கொழும்பு போய்த் திரும்பும்போதெல்லாம் பெரியம்மா கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் பையை வாங்குவதற்கு முன்பே கேட்பார். நமுனுகுல மலைப் பக்கம் ஒருநாள் நிலம் நடுங்கியதாகப் பழைய செய்தித்தாள் எதிலாவது ஒரு வரி இருக்கிறதா என்பதே அதன் பொருள். எந்தச் சங்கதிக்கும் ஆண்டைத் தேடிப் பிடிக்கும் பித்து எனக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நிலம் ஆடியது அதற்கு வெகுகாலம் முந்தி. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கான அரிசி பண்டாரவளை வரை ரயிலிலும், அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்த காலம் என்று பெரியம்மா சொன்னதால், 1894க்குப் பிந்தியது என்று கொண்டேன். அதற்குமேல் என்னால் நெருங்க முடியவில்லை. "மழைக்கு முந்தி. புள்ள வயித்துல, நெறமாசம்" என்பது மட்டுமே அவர் வைத்திருந்த கணக்கு.

நடுப்பகல். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தோட்டத்து ஆட்களின் ஒற்றையறை வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பெரியம்மாவும், அடுத்த காம்பராவில் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவரும்தான். முதலில் அடுக்கியிருந்த சட்டிகள் ஒன்றோடொன்று உரசின. பிறகு காற்றே இல்லாமல் கூரைத் தகரம் படபடத்தது. படுத்திருந்த பாயை யாரோ உருவுவதுபோல் இருந்ததாம். கூரை மூலையிலிருந்து அடுப்பு வரை சுவர் பிளந்து மண் உதிர்ந்தது. தவழ்ந்தே வெளியே வந்தார். வெளியே மலையும் தேயிலையும் எப்போதும்போல் இருந்தன. அதுதான் தன்னை அதிகம் பயமுறுத்தியது என்பார்.

சாயங்காலம் ஒருவரும் நம்பவில்லை. கொழுந்தெடுத்த பெண்களில் சிலர் தலை சுற்றியதாகச் சொன்னார்கள். வெயில் என்று அவர்களே முடிவும் கட்டினார்கள். பெரியப்பாவுக்கு, ஸ்டோர் என்று ஆட்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து அரைக்கும் மெஷின் ஓடினால் அங்கே தரை நாள் முழுவதும் அதிர்ந்துகொண்டிருக்கும். வேறு ஆட்டம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு மட்டும் தனியா பூமி ஆடுச்சாக்கும்."

"ஏன், உங்க மெஷினு மட்டுந்தான் ஆடணும்னு தொரை சொல்லியிருக்காரா?"

லயமே சிரித்தது. அன்றைக்குத் தானும் சிரித்ததாகப் பெரியம்மா சொன்னார்.

பிளந்த சுவரடியில் பிள்ளை பெற மாட்டேன், வேறு காம்பரா வேண்டும் என்று மறுநாள் கங்காணியிடம் கேட்டார். தொரை வந்து பார்த்தார். நிலம் ஆடிய நேரத்தில் அவர் குதிரைமேல் இருந்தவர். அவரும் ஒன்றும் அறியவில்லை. வீட்டுக்குள் உரல் போட்டு இடித்ததால் வந்த வெடிப்பு என்றார். கங்காணி பெரியப்பாவைக் கூப்பிட்டார். "நீ சொல்லுப்பா. ஆடுச்சா, இல்லையா?"

"எனக்கு ஒன்னும் தெரியலீங்க" என்றார் பெரியப்பா. உண்மையைத்தான் சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை களிமண் குழைத்து வெடிப்பை அவரே அடைத்தார்.

பெரியம்மா உள்ளே போகவில்லை. காம்பராவுக்கு வெளியே இஸ்தோப்பில், அந்தத் திறந்த திண்ணையில், மழைக்குப் போர்த்தும் கம்பளியைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்தார். மழை பிடித்துக்கொண்டது. ஆண் குழந்தை அங்கேயே பிறந்து, குளிர் தாங்காமல் சில நாளில் போய்விட்டது. சுவர் விழவில்லை. பின்னால் அந்தக் காம்பராவுக்கு வந்தவள் அதே சுவரடியில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். வீண் பயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பெரியம்மாவின் காதுபடவே பேசினார்கள். பெரியம்மாவும் பெரியப்பாவும் இன்று இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

அவர்கள் இருந்தபோது கடைசி முறையாகக் கொழும்பு போய், நூலகத்தில் இருந்த செய்தித்தாள் கட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

"இல்ல பெரியம்மா. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு."

"பேப்பர்க்காரனுக்கு யாரு சொல்லியிருப்பா" என்றார். கோபம்கூட இல்லை.

பெரியப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மெஷின் சத்தத்திலேயே காலம் கழிந்து காது மந்தமானவர்; நாங்கள் பேசியது கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

"ஆடுச்சு தம்பி" என்றார். "ஆடுச்சுன்னு எழுதிக்க."

"உங்களுக்குத் தெரிஞ்சதா பெரியப்பா?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். நினைவு வந்து சொன்னாரா, சொல்லியாக வேண்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்றும் தெரியாது.

பெரியம்மா அவரையே சற்றுப் பார்த்தார். "அன்னைக்குக் கங்காணி கேட்டப்ப இதச் சொல்லியிருந்தா வேற காம்பரா குடுத்திருப்பாங்க."

குரல் உயரவே இல்லை. எழுந்துபோய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார். பெரியப்பா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க" என்றார் பெரியம்மா. "ஆறிப் போயிரும்."