முகமூடிக்காகச் சேர்ந்தவள்

கெண்டோ என்றால் என்னவென்று கீதாஞ்சலிக்குத் தெரியாது. ஜவ்வாது மலைப் பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்தவள், ஒரு ஞாயிறன்று மைதானத்தில் பயிற்சி கொடுக்க வந்த ஃபஹீம், கம்பி வைத்த முகமூடியைத் தலையில் கட்டிக்கொள்வதைப் பார்த்தாள். ஆள் முகமே தெரியவில்லை. அவளுக்கு அது போதும்.

கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் கரடி அவள் முகத்தைக் கிழித்து மூன்று வருடமாகியிருந்தது. இடது கண் போயிற்று. கன்னத்தையும் உதட்டையும் இழுத்துத் தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கணவன் சக்திவேல் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். பிறகு வரவேயில்லை. அன்றிலிருந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடினாள்.

ஃபஹீம் வாணியம்பாடிக்காரன். தோல் கம்பெனி வேலையாக ஜப்பானில் இருந்தபோது கெண்டோ என்ற அந்த ஊர் மூங்கில் வாள் சண்டையைக் கற்றவன், ஞாயிறுதோறும் மலையேறி வந்து மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"நானும் சேரலாமா சார்?"

"தாராளமா வாங்கக்கா."

"அந்த முகமூடிய எப்போ குடுப்பீங்க?"

"அதுக்கு நாளாவும். மொதல்ல நடை, வீச்சு, சத்தம்."

வெறுங்காலைத் தூக்காமல் தேய்த்தே நகர வேண்டும். பாதத்தில் கொப்புளம் உடைந்து அடுப்படியில் நொண்டினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. மூங்கில் வாள் இலக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே இறங்கியது. கத்தச் சொன்னால் தைத்த உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. மாணவிகள் சிரித்தார்கள். முகமூடி வரட்டும் என்று பொறுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் ஃபஹீம் அதைக் கட்டிவிட்டான். உள்ளே இருட்டு, வியர்வை நாற்றம். தன் மூச்சே காதில் உறுமியது. எதிரே முகமூடியோடு நின்ற ரம்யா என்ற மாணவி வாளை ஓங்கி, அலறிக்கொண்டு பாய்ந்தாள்.

கீதாஞ்சலி வாளைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். பிடரியை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். சிறுநீரில் உடுப்பு நனைந்துவிட்டது.

"இன்னாச்சுக்கா? நான்தாங்க்கா, ரம்யா!"

"கழட்டு... இத்த கழட்டு..."

சில வாரம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது ஃபஹீம் மறுபடி முகமூடியை நீட்டினான்.

"வேணாங்க சார். அத்த மாட்டுனா கரடியும் கூடவே உள்ள வருது."

"இது இல்லாம சண்ட போட முடியாதேக்கா."

"தெரியும் சார். வீசிட்டு மட்டும் போறேன்."

மாணவிகள் சென்னைப் போட்டிக்குப் புறப்பட்டபோது புளிசோறு கட்டிக்கொடுத்து அனுப்பினாள். இன்றும் புதிதாகச் சேர்பவர்களின் வரிசையில்தான் நிற்கிறாள். முதல் நாள் அவர்கள் அவளை வெறித்துப் பார்ப்பார்கள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளாமல் வாளைத் தூக்குவாள். கடுக்காய்க் காட்டுப் பக்கம் மட்டும் இன்னும் போவதில்லை.