முயல் கதையும் கணக்கில் சேரும்

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் வாசலில், காருக்குள் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறேன். மகள்தான் கண்ணாடியைத் தட்டி எழுப்பினாள். பின்னால் அவள் தோழிகளின் சிரிப்பு.

"இன்னும் அதே புக்காப்பா? இந்த வருஷ ரீடிங் சேலஞ்ச் அவ்ளோதான் லா!"

"போன வருஷம் நெனச்ச எண்ணிக்கைய முடிச்சேனே?"

"எனக்குப் படிச்சுக் காட்டின முயல் கதையெல்லாம் சேர்த்துல்ல எண்ணுனீங்க!"

உண்மைதான். இப்போது அவளே படித்துக்கொள்கிறாள். என் கணக்கு படுத்துவிட்டது.

முயல் கதை சேருமா, சேராதா? நீங்களே சொல்லுங்கள்.

வீடு திரும்பும் வழியில் கிள்ளான் வரை ஜாம். பக்கத்து சீட்டில் அவள் தன் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள்.

"கொஞ்சம் சத்தமாப் படிம்மா, அப்பாவும் கேக்குறேன்."

தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை.