செத்தவர் சிரிக்க வேண்டும்

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு முன்வரிசை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. போர்க்களக் காட்சி என்றால், விழுந்து கிடப்பவர்களில் கேமராவுக்கு மிக அருகில் கிடப்பவர் அவர்தான். பின்வரிசையில் கிடப்பவன் மூக்கைச் சொறியலாம், பக்கத்துப் பிணத்தோடு ஊர்வம்பு பேசலாம். முன்வரிசையில் இமைகூட அசையக் கூடாது.

இருபது வயதில் கையில் ஈட்டியோடு உள்ளே வந்தவர். முதல் படத்தில் ஏதோ ஒரு பழைய ராஜாவின் காலாட்படையில் நின்றார். யானை மிதிப்பதற்கு முன்பே செத்துப்போய்த் திட்டு வாங்கினார். அப்புறம் தொழில் கைவந்துவிட்டது. அம்பு பட்டவன் அதைப் பிடுங்கப் பார்த்தபடியே சாய்வான். வாள்வெட்டு வாங்கியவன் வெட்டியவனைப் பார்த்துக்கொண்டு விழுவான். குதிரைவீரன் தரையில் விழுந்த பிறகும் கடிவாளத்தை விடமாட்டான். துப்பாக்கி வந்த காலத்தில் முழங்கால்தான் முதலில் மடியும். பதுங்குகுழிக்குள் நடக்கும் சாவுக்கு இடம் போதாது. உட்கார்ந்தபடியே சாக வேண்டும். இப்படி யுகம் யுகமாகச் செத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார், மகனைப் படிக்க வைத்தார்.

மனைவிக்கும் அதே தளத்தில்தான் வேலை. உடைக் கொட்டகையில் போர்வீரர் உடுப்புகளைத் துவைத்துத் தேய்த்து அடுக்குவது அவள் பொறுப்பு. சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த ரத்தம் எந்தத் துணியில் எப்படிப் போகும் என்று அவளுக்குத்தான் தெரியும். மகன் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்கு வருவான்.

"அப்பா எங்கம்மா?"

"செத்துட்டாருடா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாரு."

சரி என்று பையைப் போட்டுவிட்டு விளையாட ஓடுவான்.

அந்த மகன் இப்போது நிஜமான படையில் இருந்தான். எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து, ஞாயிறு தவறாமல் வரும் அழைப்பு இரண்டு ஞாயிறாக வரவில்லை. சண்டை நடக்கும் இடத்தில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்வரிசைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போனார். வாசலுக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் காலத்துப் போரைப் பற்றிய படம் ஒன்று வந்தது. கொட்டகையில் மனைவி எடுத்து நீட்டிய சட்டையைப் பார்த்ததும் அவர் கை பின்வாங்கியது. பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டான சட்டை. மகன் விடுப்பில் வந்தால் வீட்டுக் கதவின் கொக்கியில் தொங்குவது இதே உடுப்புதான்.

"வேற இல்லையா?"

"எல்லாரும் இதைப் போடறப்போ உங்களுக்கு மட்டும் ராஜா காலத்துக் கவசம் மாட்டி அனுப்பட்டுமா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தவளல்ல.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவர், கேமராவை நிறுத்துவதற்கு முன்னால் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அப்போதுதான் சாவு படத்தோடு நிற்கும், வீடு வரைக்கும் கூட வராது. யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நம்பாத இயக்குநர்கள்கூடச் சிரிப்புக்கென்று சில நொடிகள் விட்டுவைப்பார்கள். முன்வரிசை ஒரு சாவுக்கும் சிரிக்காமல் எழுந்ததில்லை.

அன்றைய காட்சி இதுதான்: வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள் திறந்தவெளியில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு தாய் ஒவ்வொரு துணியாக விலக்கி மகனைத் தேடுகிறாள். முதல் உடல் அவர். துணிக்குள் கிடந்தவருக்கு வலதுகால் தானாக ஆடியது.

"முன்வரிசை அண்ணே, செத்தவன் கால் ஆட்டுவானா?" என்று உதவி இயக்குநர் கத்தினான்.

"கொசு, தம்பி."

"உச்சி வெயில்ல ஏது கொசு?"

அடுத்த தடவை நெஞ்சு ஏறி இறங்குவது துணிக்கு மேலேயே தெரிந்தது. "அண்ணனுக்கு வயசாயிடுச்சு. இனிமே காயம்பட்டவனா நடிக்கச் சொல்லுங்க" என்றது பின்வரிசைப் பிணம் ஒன்று. மற்ற பிணங்கள் சிரித்தன.

மூன்றாம் தடவை துணி விலகியது. தாயாக நடித்தவளின் கண்ணீர் ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவள் அடுத்த உடலுக்கு நகர்ந்து, கடைசி உடலையும் பார்த்து முடிக்கவும், வானம் பொத்துக்கொண்டதுபோல் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கேமராவின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். பிணங்களும் எழுந்து ஓடின. முன்வரிசை மட்டும் சேற்றில் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் இன்னும் சிரிக்கலையே."

"நாளைக்குச் சேர்த்துச் சிரிச்சிடுங்கண்ணே. மழையைப் பாருங்க."

"நாளைக்கு வரைக்கும் செத்தே கிடக்கச் சொல்றியா?"

"இதெல்லாம் நெசம்னு நம்பறீங்களா?"

"வேற சட்டையா இருந்தா வீட்டுக்குப் போயிருப்பேன்."

உதவி இயக்குநர் போய்விட்டான். அவர் கொட்டகைக்கும் வேனுக்கும் நடுவே, நனைந்தபடி நடந்துகொண்டே இருந்தார். குட்டிபோட்ட பூனை தோற்றது. கொட்டகை வாசலில் நின்று மனைவி கூப்பிட்டாள்.

"கழட்டிக் குடுங்க. சேறு காஞ்சா போகாது."

"சிரிக்காம கழட்ட மாட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனாள். உள்ளே கேமராக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கேமராப் பெட்டியைக் கொஞ்சம் திறக்கணும்."

"எல்லாம் கட்டி வச்சாச்சேம்மா."

"ஈட்டி காலத்துலேருந்து உங்க முன்னாலதான சாகுறாரு. ஒரு தடவை எழுப்பி விடுங்க."

கேமராக்காரர் தேநீரைக் கீழே வைத்தார்.

மழை தூறலாகிவிட்டிருந்தது. முன்வரிசை பழைய இடத்திலேயே மல்லாந்து படுத்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினார்.

"இது சிரிப்பு மாதிரி இல்லையே" என்றார் கேமராக்காரர் மெதுவாக.

மறுபடியும் இழுத்தார். தாடைதான் நடுங்கியது. எல்லாக் காலத்துச் சாவும் தெரிந்த மனிதருக்கு இந்த ஒன்று பிடிபடவில்லை. குடைக்குக் கீழே, கைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி குனிந்து பார்த்தாள்.

"சீக்கிரம் சிரிங்க. இப்போ அவன் போன் பண்ணா நான் என்னன்னு சொல்றது? அப்பா செத்துட்டாருடா, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாருன்னா?"

வயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. மழைத்தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது, இருமிக்கொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பதை அவள் முதலில் நிறுத்திக்கொண்டாள்.

"போதும்ணே, வந்துடுச்சு" என்று கேமராக்காரர் விளக்கை அணைத்தார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைபேசியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"உக்காருங்களேன்."

"வேண்டாம். இன்னைக்குப் படுத்ததே போதும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். நிறுத்தங்களில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் கண் அவள் மடியை விட்டு நகரவில்லை.