ஒட்டாத கவர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அல் ஐன் கேம்ப்பிலிருந்து ஆறு பேர் ஷார்ஜாவுக்குப் போனோம், இல்லாத ஒரு கொடிக்கம்பத்தைப் பார்க்க. கூட்டிப்போனவன் எங்கள் கம்பெனி பிக்கப் டிரைவர். எனக்குப் பக்கத்து ஊர்க்காரன், ரூமில் பக்கத்துக் கட்டில்.

கடலோரத்தில் டீக்கடை வைத்திருந்த பலூச்சிக் கிழவர் இடத்தைக் காட்டினார். முன்பு அங்கே வெள்ளைக்காரர்களின் ஆபீஸ் இருந்ததாம். முத்துக்குளிக்கும் படகுகளில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் தப்பி ஓடிவந்து, அந்த ஆபீஸ் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் விடுதலைச் சீட்டு கிடைக்குமாம். இப்போது சிமெண்ட் மூட்டைகள்தான் அடுக்கியிருந்தன. இதற்கா இவ்வளவு தூரம் என்று எனக்கு எரிச்சல். டிரைவர் மட்டும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அவனுகளுக்காவது கட்டிப்பிடிக்க ஒரு கம்பம் இருந்துச்சு மாப்ளே. நமக்கு என்ன இருக்கு?" என்றான்.

எங்கள் பாஸ்போர்ட்டை எல்லாம் வந்திறங்கிய அன்றே, விசா கொடுத்த அரபி முதலாளி, எங்கள் கஃபீல், வாங்கி வைத்துக்கொண்டார். கூட வந்திருந்த நாகர்கோவில் வெல்டருக்கு மூன்று வருஷமாக லீவு இல்லை; மகளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு லேபர் ஆபீசுக்கு மனு கொடுப்பது என்று அங்கேயே முடிவானது. அன்று சாயங்காலம் நான் எழுதினேன். தனக்குத்தான் அவசரம் என்று வெல்டர் முதல் கையெழுத்தைப் போட்டார். தினமும் டவுனுக்குப் போகிறவன் நான்தானே, நானே கொடுத்துவிடுகிறேன் என்று டிரைவர் கை நீட்டினான்.

எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம். லீவில் ஊருக்குப் போகிறவனிடம் எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்புவோம். கவரை ஒட்ட மாட்டோம். ஒட்டினால் கொண்டுபோகிறவனை நம்பவில்லை என்று அர்த்தம். மனு வைத்த கவரையும் அப்படியே ஒட்டாமல் கொடுத்தேன். மடையன் நான்.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னையும் வெல்டரையும் கூப்பிட்டார். மேஜைமேல் அதே கவர். ஸ்டோரைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் என்னை மிரட்டி விட்டுவிட்டார்கள். முதல் கையெழுத்துக்காரருக்கு விசா கேன்சல். அவர் கேட்ட பாஸ்போர்ட்டை ஏர்போர்ட் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். மகளைப் பார்க்கலாமே என்று ஒருவன் ஆறுதல் சொன்னான். வெறுங்கையோடா என்று கேட்டார் அவர்.

அடுத்த வாரமே டிரைவருக்கு லீவு வந்தது. முறைப்படி அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அன்று மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான்.

"வீட்டுக்கு லெட்டர் இருந்தாக் குடுங்க" என்றான், பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல்.

பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. அந்த மண்ணைத் தொட்டு ஒற்றிக்கொண்ட கண் அது. எழுந்து என் கடிதத்தை எடுத்துவந்து உட்கார்ந்தேன். தட்டிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, கவரின் ஓரமெல்லாம் தேய்த்து ஒட்டினேன்.

எதிரே இருந்தவன் தன் கவரை எடுத்தான். "அந்தச் சோத்தக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு" என்றான் என்னிடம்.