தெருவைப் பார்த்து உட்கார்ந்தவர்

மனைவி இறந்த வருடம் என் போட்டோ ஸ்டுடியோவில் ஆயுத பூஜை கிடையாது. அதற்கு மறுவாரம் கம்ப்யூட்டரின் இரண்டாவது ஹார்டு டிஸ்க் மக்கர் செய்தது. போட்டால் சில காலைகளில் தெரியும், சில காலைகளில் தெரியாது. அவள் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரை. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, டிஸ்க் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டார். கேபிளை மாற்றிப் பார்த்தார். ஒரு முறை வந்தது, அடுத்த முறை வரவில்லை, பிறகு வந்தது.

"பூஜை போடாததாலயாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். பூஜை போட்ட கடையிலயும் இதே கதைதான். இப்ப வந்திருக்கு, ஆஃப் பண்ணாம வேற டிஸ்க்ல காப்பி எடுத்துடுவோம்."

காப்பி முடிந்ததும், "சரியா வந்திருக்கான்னு ஒண்ணு தொறந்து பாருங்க" என்றார். சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். யார் படம் என்று நான் சொல்லவே இல்லை.

ஒன்றைத் திறந்தேன். சரியாகத்தான் இருந்தது.

"பழச கழட்டிடட்டுமா சார்?"

"இருக்கட்டும்."

அதற்குப் பிறகும் சில காலைகளில் அந்தப் பழைய டிஸ்க் வந்தது. அப்போதெல்லாம் அதில் எதையும் திறக்காமல், அவரைப் போல நானும் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வேன்.