நகர வனத்தில் தூங்கக் கூடாது

மரத்தை வளர்ப்பது சுலபம், அந்த மரத்தடியில் தூங்குகிறவரை எழுப்புவதுதான் பாவம் என்பது எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கடைசி ஸ்டாப்பில் பயணியைத் தட்டி எழுப்பும் கண்டக்டர்களே, விடியற்காலையில் ஊசியோடு வந்து தோளைத் தொடும் நர்சம்மாக்களே, பரீட்சை நாளில் பிள்ளையை எழுப்பும் தாய்மார்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் அமுதா. ஊர் நகரி. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் நகர வனத்தில் நாலு வருஷமாகத் தோட்ட வேலை செய்கிறேன். ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம் அது. குப்பையை அள்ளிவிட்டுச் செம்மண் நிரப்பி, புங்கன், நாவல், வேம்பு, நீர்மருது, மகிழம், செம்மரம் என்று நெருக்கி நெருக்கி நட்டார்கள். இப்போது உள்ளே நுழைந்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். இலைகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தால் அதில் மலை நிற்கும், காலையில் புகை மாதிரி, மதியத்தில் நீலமாக.

காலையில் நடக்க வருகிறவர்கள் போன பிறகு, வெயில் ஏற ஏற, வேறு ஒரு கூட்டம் வரும். அது தூங்க வருகிற கூட்டம். வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் போர்டு இருந்தது: பூப்பறிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, தூங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பாஸ்கர் சார் துடைப்பம், மண்வெட்டி, ரப்பர் குழாய் எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு விசிலையும் கொடுத்தார்.

முதல் விசில்

முதல் ஆள் ஒரு மொட்டை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று தரிசனம் முடித்து இறங்கியவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று புங்க மரத்தடியில் துண்டை விரித்திருக்கிறார். சந்தனம் காய்ந்த தலையில் புங்கம்பூ உதிர்ந்து ஒட்டியிருந்தது. வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள். உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஊத மனசு வரவில்லை. ஆனால் வேலைக்கு அன்றுதான் முதல் நாள். காற்று மட்டும் வருகிற மாதிரி மெதுவாக ஊதினேன். அவர் கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் கூப்பினார். கருவறைக்கு முன்னால் நகரு, நகரு என்று ஆளைத் தள்ளிவிடுவார்களே, அங்கேதான் இன்னும் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. கண்ணோரம் தண்ணீர் வழிய என்னிடம் கெஞ்சினார்:

"ஜருகண்டின்னு சொல்லாத தாயே, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்."

சுற்று வழி

முனிரத்தினம் சித்தூர்க்காரர். திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மதில் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்சீட்டில் காலை மடக்கித் தூங்குவார். மதிலுக்கு வெளியே தூங்குகிறவர் என் கணக்கில் வரமாட்டார் என்பதால் எங்களுக்குள் நல்ல நட்பு. "பஸ் ஸ்டாண்டாண்ட ஹேண்டில் பாரு, கைய வெக்க முடியாது. உன் வனத்து வளைவுல திரும்பினா அதே ஹேண்டிலு ஆறிப்போவுது அக்கா," என்பார்.

ஒரு சித்திரை மதியம், கைக்குழந்தையோடு ஒரு நகரிப் பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனுக்கு நேர் ரோடு இருக்கும்போது ஏன் இப்படிச் சுற்றுகிறாய் என்று பெரியவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தது எனக்கே கேட்டது. ஆட்டோ எங்கள் வளைவில் திரும்பியது. மரங்கள் ரோட்டுக்கு மேலே கைகோத்து நிற்கும் இடம் அது. அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. இலை நிழல் அதன் முகத்தில் ஓடியது. நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது பெரியவரின் குரல் முற்றிலும் இறங்கியிருந்தது:

"சுத்தினா சுத்திக்கினு போ நைனா, மெதுவாவே போ."

செம்மரத்தடியில் போலீஸ்

எங்கள் வனத்தில் செம்மரம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். என் தொடை கனம்கூட வரவில்லை, அதற்குள் அதைக் காட்டிக் காட்டிக் கிசுகிசுப்பவர்கள் உண்டு. ஒருநாள் அதில் ஒன்றின் அடியில் ஒரு கான்ஸ்டபிள், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். போலீஸைப் பார்த்து விசில் ஊதுவது எப்படி? துடைப்பத்தால் சருகைச் சத்தமாகக் கூட்டிப் பார்த்தேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பல நாளாக மலைக்காட்டில் செம்மரம் வெட்டிக் கடத்துகிறவர்களைத் தேடி அலைந்து, அன்றைக்குத்தான் லீவில் இறங்கியதாகச் சொன்னார். வீடு நாயுடுபேட்டையாம், ரயில் வர நேரமிருக்கிறதாம். பிறகு செம்மரத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்:

"பத்து நாளா இந்த மரத்துக்காக நான் முழிச்சிருந்தேன், இன்னிக்கு எனக்காக இது முழிச்சிருக்கட்டும்மா."

பதினேழாம் நம்பர்

பச்சையம்மா வந்தது இந்தக் கோடையில். குப்பம் தாண்டிக் குடுபல்லி பக்கம் ஒரு கிராமம், முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கன்னியப்பன் கிரானைட் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். வருஷக்கணக்காகத் தூசியைக் குடித்து நுரையீரல் கெட்டு, எதிர் ஆஸ்பத்திரியில் பதினேழாம் நம்பர் கட்டிலில் கிடந்தார். பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர்கள் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்களாம்.

இரவெல்லாம் புருஷன் மூச்சை எண்ணிக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்திருப்பாள். மதியம் வார்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் மறுபடி விடுவார்கள். அந்த நேரத்துக்கு நாவல் மரத்தடிக்கு வருவாள். படுத்த மறு நிமிஷம் தண்ணீரில் கல் விழுந்த மாதிரி தூக்கத்தில் இறங்கிவிடுவாள். நாலு வருஷத்தில் தன்னை எழுப்பச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

மதியத் தூக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு நாலு மணிக்குத்தான் விசில் ஊதுவது என் வழக்கம், முதல் நாள் அவளுக்கும் அப்படியே ஊதினேன். தூக்கிவாரிப்போட்டு எழுந்து, ஆஸ்பத்திரியில் ஏதோ ஆகிவிட்டதென்று செருப்புகூடப் போடாமல் வாசல்வரை ஓடிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடிப் பிடித்து நிறுத்தினேன். மறுநாள் படுப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"விசில் ஊதாத அக்கா, பச்சையம்மான்னு கூப்டு. அங்க எல்லாரும் பதினேழு, பதினேழுன்றாங்க, எம்பேரே எனக்கு மறந்துபூடும் போலக்கீது."

பூட்டு

எதிர்ச் சாரியில், ஆஸ்பத்திரியை அடுத்த வீட்டில் ஒரு ரிட்டயரான லெக்சரர் இருந்தார். கெட்டவர் இல்லை. சருகு பறந்து அவர் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது, ஒருமுறை சாரைப்பாம்பு ஒன்று அவர் கேட்டைத் தாண்டியது, கண்டவர்கள் கண்ட இடத்தில் படுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதி மனு கொடுத்துவிட்டார். மதிலோர மரங்களை வெட்ட வேண்டும், மதியம் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று. மரத்தைப் பற்றி மேலிடம் முடிவு செய்யும், கேட்டை இன்றைக்கே பூட்டு என்று பாஸ்கர் சார் சொல்லிவிட்டார்.

பூட்டினேன். உள்ளே நான் மட்டும். அத்தனை நிழலும் யாருமில்லாமல் தரையில் சும்மா கிடந்தது. வெளியே பச்சையம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் அவளோடு ஏழெட்டுப் பேர். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பூட்டியே வைத்திருப்பேன். மூன்றாம் நாள் பச்சையம்மா உட்கார்ந்தபடியே தூங்கி ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டாள். ஒரு பஸ் அவள் தலையை ஒட்டிப் போனது. நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன்.

பாஸ்கர் சார் சாயங்காலம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் களைத்துப்போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு பெரிய ஆபீஸ் மேடம் நேர்லயே வராங்கம்மா. நீ தெறந்த கேட்டுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

அதிகாரி வந்த மதியம்

மேடம் வந்தது சரியாக உச்சி வெயிலில். காரிலிருந்து இறங்கிக் கேட்டுக்கு வருவதற்குள் முகம் சிவந்துவிட்டது. பாஸ்கர் சார் ஃபைலோடு பின்னால். உள்ளே பத்து அடி வந்ததும் மேடத்தின் நடை தானாகவே மெதுவானது. கண்ணாடியைக் கழற்றினார். நீர்மருதின் உச்சியில் ஒரு செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிட்டது. கீழே, மரத்துக்கு ஒருவராக, பதினைந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய மூச்சும் சேர்ந்து வனமே மெல்ல ஏறி இறங்குவது போலிருந்தது.

பாஸ்கர் சார் என்னிடம் விசிலைச் சைகையில் காட்டினார். நான் ஊதவில்லை. வேலை போனால் நகரிக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கே எனக்கு எதுவும் இல்லை. மேடம் இவர்களெல்லாம் யார் என்று மெதுவாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அதோ அவர், அம்மாவுக்கு டயாலிசிஸ். இவர் கர்நாடகாவிலிருந்து லாரி ஓட்டி வந்தவர். அந்த அம்மாள் பேத்திக்கு ஆபரேஷன். பச்சையம்மாவிடம் வந்து நின்றோம். வார்டு சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள், கன்னத்தில் ஒரு பழுத்த இலை. இவளை மட்டுமாவது ஏன் எழுப்பவில்லை என்று மேடம் கேட்டார். "நாலு மணிக்குத்தான் எழுப்பச் சொல்லியிருக்கு மேடம்," என்றேன்.

அவர் குனிந்து அந்த இலையை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார். பிறகு, ரோட்டுக்கு மேல் நீட்டிய காய்ந்த கிளைகளை மட்டும் கழித்தால் போதும், மரம் எதையும் தொட வேண்டாம் என்று பாஸ்கர் சாரிடம் சொன்னார். வாசலுக்கு வந்ததும் போர்டை நிமிர்ந்து பார்த்து, இது எதற்கு என்றார். அதைக் கழற்ற பாஸ்கர் சார் உடனே சுத்தியலைத் தேடினார். மேடம் அவர் கையைத் தடுத்தார்:

"இப்ப வேணாம், சத்தம் கேக்கும். நாலு மணிக்கு மேல எடுங்க."

தண்ணீர் எங்கே போனது

லெக்சரர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த வாரம் கோடை மழை. ஒரு சாயங்காலம் முழுக்க மலையை மறைத்துக்கொண்டு கொட்டியது. பக்கத்துத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இந்தத் தெருவும் முன்பு அப்படித்தான், அவர் வீட்டுப் படியில் மூன்றாவது படிவரை ஏறுமாம். அன்று தண்ணீர் மதில் ஓட்டை வழியாக எங்கள் பக்கம் இறங்கி, மரங்களுக்கு நடுவே போய்க் காணாமல் போனது.

விடிந்ததும் முதல் முறையாக அவர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். குந்தி உட்கார்ந்து மக்கிய சருகை ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்தார். மண் வாசனை எழுந்தது. ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் முதுகைத் தடவுவது போலத் தரையைத் தடவிக்கொண்டே, தெலுங்குக்காரரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அவ்ளோ நீளு குடிச்சிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது பாரும்மா!"

கன்னியப்பனின் மதியம்

மழைக்கு இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் வெளிக்காற்று படட்டும் என்று டாக்டர் சொன்னதாகப் பச்சையம்மா புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். எலும்பும் தோலுமான மனிதர். மூச்சு ஒவ்வொன்றும் எங்கோ மாட்டிக்கொண்டு வந்தது. நாவல் மரத்தடியில் நிறுத்தினோம். பழம் விழுந்து தரையெல்லாம் கருநீலம். அவர் மேலே கிளைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் பார்த்தபடியே தூங்கிப்போனார். பச்சையம்மா பயந்து போய் அவர் மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு வந்தது, சின்னதாக, ஆனால் மாட்டிக்கொள்ளாமல். அன்றைக்கு இரண்டு பேருமாக அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எழுந்ததும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்:

"தூங்கி எழுந்தா கையில வெள்ளையா தூசி இருக்குமே, ஒண்ணும் இல்ல பாருடி."

என் முறை

நகரியில் நான் பதினாறு வருஷம் பவர்லூம் ஓட்டினேன். தறியை விட்ட பிறகும் தறி என்னை விடவில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் டக்கடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் நான் தூங்கியதாக ஞாபகமே இல்லை. கன்னியப்பனை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், தூசி வேலைக்கு மட்டும் இனி போகக் கூடாதாம் என்று சேதி வந்த மதியம், இடுப்புக்கு ஓய்வாக மகிழ மரத்தில் சாய்ந்தேன். பூ ஒன்று சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொட்டதா என்று எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது நிழல்கள் நீண்டிருந்தன. காதுக்குள் ஒன்றுமே ஓடவில்லை. எதிரே பச்சையம்மா துணிமூட்டையோடும் மருந்துப் பையோடும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கன்னியப்பன், நாற்காலி இல்லாமல், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிக்கொண்டு போக வந்தவர்கள். மதியமே குப்பம் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியவர்கள். ஏன் கூப்பிடவில்லை என்று பதறி எழுந்தேன். பச்சையம்மா என் தலையிலிருந்த பூக்களைத் தட்டிவிட்டாள்:

"ரெண்டு பஸ்ஸு போய்ட்ச்சி அக்கா, போவட்டும். நீ தூங்கிக்கினு இருந்தத பாத்தா எழுப்ப கை வரல."

இப்போதெல்லாம் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மரத்துக்குத் தண்ணீர் விடுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், மதியத்தில் நானும் அதன் அடியில் தூங்குகிறேன் என்று மீதியையும் சொன்னால் அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கிறார்கள்.