சனிக்கிழமைகளில் தட்டிப் பார்த்தது

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்ன பீங்கான் யூனிட் இருந்தது. வீட்டு மெயின் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டைதான் சரக்கு. ஆறு பேர் வேலை செய்தார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அது மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிறுதொழில்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். வாரம் தவறாமல் உட்கார்ந்து வேலையைப் பரிசீலித்தால் தவறு தானாகத் தலையை நீட்டும் என்றார் வகுப்பெடுத்தவர். அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வந்த கையோடு, இனி சனிக்கிழமை காலை தோறும் பரிசீலனை என்று அறிவித்தேன். சூளைக்குப் போகும் முன் பச்சைக் கட்டையின் பிசிறைத் தேய்த்துச் சீராக்குகிறவர்கள் ஒவ்வொருவரும் அடியில் தனக்கென ஒரு கீறல் போட வேண்டும். சூளையிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டுவேன். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே விரிசல். யார் கீறலில் எத்தனை சொத்தை என்று எல்லோர் முன்பும் கரும்பலகையில் எழுதுவேன்.

முதல் சனிக்கிழமையே சூளை போடுகிறவர் தயங்கினார்.

"இன்னும் சூடு அடங்கலீங்க. நாளைக்கித் தெறக்கலாமே."

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். தெறங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தார்.

முதல் ஆறு வாரமும் கரும்பலகையில் சொத்தைக் கணக்கில் ஒரே ஆள்தான் முதலிடம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யூனிட் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், அவ்வளவு சுத்தமான வேலை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் நின்று, நான் தட்டத் தட்டத் தன் கீறலைத் தானே எண்ணிக்கொண்டிருப்பார். ஏழாவது வாரம், "நீங்க வூட்லயே இருங்கக்கா, வேற ஆள் போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகும் விரிசல் நிற்கவில்லை. இன்னொரு பெண்ணின் கீறலுக்கு மாறிவிட்டது. அந்தப் பெண்ணையும் நன்றாகத் திட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை யாராலும் வர முடியவில்லை. சூளை நாலு நாள் மூடியே கிடந்தது. செவ்வாய்க்கிழமை திறந்து தட்டினேன். அத்தனையும் கணீர். மறு வாரமும் வேண்டுமென்றே ஆற விட்டேன். கணீர். பிறகுதான் மண்டையில் உறைத்தது. பஸ் தாமதமாக வருவதால் அக்காவின் கட்டைகள் கடைசியில்தான் முடியும், கடைசியில்தான் சூளைக்குள் போகும், கதவோரம் நிற்கும். சூடு ஆறும் முன் நான் கதவைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் வெளிக்காற்று முதலில் அடித்தது அவற்றைத்தான். அவர் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவை அடுத்த பெண்ணின் கட்டைகள். பரிசீலனைக்காகத் திறந்து நானே உடைத்துவிட்டு, யார் உடைத்தது என்று நானே பரிசீலித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு என்ன செய்ய?

அடுத்த நாளே அவர் வீட்டுக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்திருந்த அவர் தங்கை, குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சூளை, கதவு, காற்று எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு என்னுடையது, வேலைக்கு வாருங்கள் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஆறுதலுக்காவ சொல்றீங்க. நானும் ஆறு வாரம் பக்கத்துல நின்னு எண்ணுனேன் இல்லீங்களா? என் கைதான். நடுங்குது போல, எனக்கே தெரியல."

"நடுங்கலக்கா. சத்தியமா நடுங்கல."

சிரித்தார். நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன், மூன்றாம் முறையும் சொன்னேன். வாரா வாரம் ஊரறிய எழுதிக் காட்டியதை ஒரு மத்தியானத்தில் அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

தங்கை தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாய்ல போடு" என்றார். "நான் தூக்கறதில்லன்னு சொல்லியிருக்கேன்ல."